அவள் முன்னால் வந்து நிற்காவிட்டால்

அலெக்சாந்திரியா, இய்யார் மாதம் மூன்றாம் நாள்

ஃபுஸ்தாத்தில் என் வீட்டரசி நுஜூமுக்குத் தோவியா எழுதுவது. இறைவன் உன்னை எனக்காகவும் என்னை உனக்காகவும் பத்திரமாக வைத்திருக்கட்டும். பல்வலி ஒன்றைத் தவிர எனக்கு உடம்புக்குக் குறைவில்லை. உன் இருமல் நின்றதா? உன் அக்கா முபாரகா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா?

ஒன்பது நாளாகக் காற்றில்லை. கப்பல் துறையிலேயே கிடக்கிறது. நானும் சரக்கு மூட்டைகளோடு மூட்டையாகக் கிடக்கிறேன். சும்மா கிடக்கும்போது உன் கோபம்தான் நினைவுக்கு வருகிறது. சபையார் முன்னால் அந்த மணவிலக்குச் சீட்டை உன் கையில் வைத்தபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் சொன்ன எதுவும் உன் காதில் ஏறவில்லை. ஆகவே எழுத்தில் சொல்கிறேன்.

கடல் ஏறும் நம் யூதர் பலரும் எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் அது. கிஸ்லேவ் இருபத்துநான்காம் நாள் மாலை விளக்குப் பண்டிகையின் முதல் விளக்கை ஏற்றும் வேளைக்குள் நான் உன் முன்னால் வந்து நிற்காவிட்டால் நீ விடுதலை பெற்றவள். முபாரகாவின் புருஷனைக் கடல் கொண்டுபோய் ஒன்பது வருடம் ஆகிறது. கண்ணால் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை என்பதால் அவள் இன்றுவரை மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. அந்த நிலை உனக்கு வரக்கூடாது. நான் ஆரோனின் ஆசாரியர் குலத்தில் பிறந்தவன் என்பதும், விலக்கப்பட்ட பெண்ணை, அவள் என் சொந்த மனைவியாகவே இருந்தாலும், எங்கள் குலத்தவர் மறுபடி மணக்கக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். தேதி தவறினால் நமக்குள் எல்லாம் முடிந்தது. அதனால்தான் நான் வந்தே தீருவேன்.

எழுத்தர் ஷெமர்யா “ஃபுஸ்தாத்துக்கு வந்து சேராவிட்டால்” என்று எழுதப் போனார், நினைவிருக்கிறதா? நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். “ஊருக்கு வந்தா வந்ததாயிடுமாய்யா? அவ முன்னாடி வந்து நிக்கணும். அதுதான் வர்றது” என்றேன். “கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு, இன்னும் அந்தக் கிறுக்கு எறங்கலையா ஒமக்கு?” என்று கேட்டு நான் சொன்னபடியே எழுதினார். நீ அப்போதும் சிரிக்கவில்லை.

இன்று காலை ஒரு மீனவன் வலை இழுப்பதைப் பார்த்தேன். நான் வழக்கமாகச் சொல்வது அங்கேயே துள்ளிக்கொண்டிருந்தது. மீன் என்ற இனம் அழியாமல் இருக்க இறைவனின் பராமரிப்பு உண்டு. இந்த மீன் மாட்டியதும் அந்த மீன் தப்பியதும் தற்செயல். மனிதர்களில் மட்டும், அவரவர் அறிவு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்கு அந்தப் பராமரிப்பு ஆளைத் தேடி வரும். எனவே நீ எனக்காக அழவேண்டாம். நல்ல மாலுமி கிடைத்தானா என்று மட்டும் கேள்.

உன் கண்களை நினைத்தபடி, தோவியா.


ஃபுஸ்தாத், இய்யார் பத்தாம் நாள்

கண் வைத்தியர் தோவியா அவர்களுக்கு, இறைவன் நல்ல காற்றையும் கொஞ்சம் நல்ல புத்தியையும் தரட்டும் என்ற வேண்டுதலோடு நுஜூம் எழுதுவது. இருமல் நின்றுவிட்டது. முபாரகா சாப்பிடுகிறாள். பல்லுக்குக் கிராம்பு வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியருக்கு இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோபம் சீட்டின் மேல் இல்லை. எனக்காகத்தான் கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா? சீட்டைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் ஷெமர்யாவின் எழுத்து அழகாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தீர்களே, அதற்குத்தான் கோபம்.

உங்கள் மீன் விஷயத்தைப் பக்கத்து வீட்டுத் தமியானாவிடம் சொன்னேன். கையில் மாவோடு அப்படியே நின்றுவிட்டாள். “அப்பிடின்னா எங்க புனிதருக்கு நான் ஏத்துற வெளக்கெல்லாம் யாருக்கு? மனுஷ இனத்துக்கா? நான் எம் பேரச் சொல்லித்தானே ஏத்துறேன்?” என்றாள். கோப்துக் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் நமக்கும் ஆயிரம் வித்தியாசம் இருக்கலாம். இதில் நான் அவள் கட்சி. உங்கள் பேரைச் சொல்லியும் ஒரு விளக்கு ஏற்றப் போகிறாளாம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அறிவுக்குத் தக்கபடி பராமரிப்பு என்றால் எனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து எழுதுங்கள். எனக்கு எழுதத் தெரியும், படிக்கத் தெரியும், உங்களைப் பொறுத்துக்கொள்ளவும் தெரியும்.

முதல் விளக்குக்கு முன் வந்து நில்லுங்கள். மற்றதை நேரில் பேசிக்கொள்வோம். நுஜூம்.


மஹ்தியா, சீவான் இருபத்தைந்தாம் நாள்

என் வீட்டரசிக்கு, கடல் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்த தோவியாவின் வாழ்த்து. முப்பத்துமூன்று நாள் பயணம். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், நிம்மதி. உங்கள் இருவர் சுகத்தையும் அடுத்த கப்பலில் எழுது. நன்றாகச் சாப்பிடு.

நண்பர் உமாராவைப் பார்த்தேன். மஹ்தியாவிலேயே நல்ல காகிதம் விற்பவர் இப்போது காகிதத்தை விரலால் தடவி விலை சொல்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. ஒன்று பால் நிறம், ஒன்று மோர் நிறம். என் ஊசியால் புரையை ஓரமாகத் தள்ளிவிட்டால் பார்வை வரும். ஆனால் புரை இன்னும் முற்றவில்லை. முற்றுமுன் கை வைத்தால் நழுவித் திரும்ப வந்துவிடும். காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருக்கும் நேரமெல்லாம் சண்டை. உமாரா இஸ்லாமியர்களின் தர்க்கசபையில் ஊறிய ஆள். உலகத்தில் எதற்கும் சொந்தக் குணம் கிடையாதாம். இறைவன் ஒவ்வொரு நொடியும் ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்கிறானாம். மை காகிதத்தில் ஊறுவதுகூட மையின் குணமில்லை, அந்தந்தத் துளியை அவனே ஊறவைக்கிறானாம். நான் பேனாவை மையில் தொட்டுக் காகிதத்தில் வைத்தேன். “பாத்தீரா, ஊறிடுச்சு. இது மையோட கொணம்” என்றேன்.

“எனக்கா காட்டறீரு? நான் குருடன்யா” என்றார்.

“சரி, எல்லாத்தையும் அவனே செய்யறான்னா என்னை ஏன் கடல் தாண்டி வரச்சொன்னீரு?”

“நானா வரச்சொன்னேன்? என் கையால எழுதவெச்சது அவன், ஒம்மக் கப்பல்ல ஏத்துனதும் அவன். நான் சோறு மட்டும்தான் போடறேன்.”

இந்த மனிதரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. ஆனால் கொத்துக்கறியும் கோதுமை ரவையும் பிரமாதம். நம் முறைப்படி அறுத்த இறைச்சியை யூதர் தெருவிலிருந்து எனக்கென்று தனியாக வரவழைக்கிறார்.

உன் அறிவின் அளவைக் கேட்டிருந்தாய். அதை அளக்கும் கோல் என்னிடம் இல்லை. உன் தோவியா.


ஃபுஸ்தாத், தம்மூஸ் இருபத்தாறாம் நாள்

தோவியா அவர்களுக்கு, உங்கள் பல்லுக்கு இரங்கலும் உங்களுக்கு வாழ்த்தும். நாங்கள் சுகம். நன்றாகச் சாப்பிடு என்று எழுதியிருந்தீர்கள். சாப்பிடுகிறேன். இரண்டு ஆள் சாப்பாடு என்று தமியானா கேலி செய்கிறாள். உப்பில் ஊறிய எலுமிச்சை ஒரு ஜாடி முழுவதும் இந்த மாதமே தீர்ந்துவிட்டது. இப்போது தண்ணீர்க் குடத்தை அவளே தூக்கிவந்து வைக்கிறாள், என்னைத் தொடவிடுவதில்லை. கோடை என்பதால் நீல அங்கியின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்துத் தளர்த்திக்கொண்டேன்.

ஆற்றோரம் மீன் விற்கும் ஹம்மாதைத் தெரியுமல்லவா, அவரிடமும் உங்கள் கருத்தை எடுத்துவைத்தேன். தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “அம்மா, முப்பது வருஷமா வலை போடறேன். இனம் வந்து ஒருநாளும் வலையில விழுந்ததில்ல. மீனுதான் விழும், ஒண்ணொண்ணா. அதுல எது எனக்குன்னு எழுதியிருக்கோ அதுதான் வரும். ஒங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லுங்க” என்றார். சொல்லிவிட்டேன். கொசுறாக ஒரு மீனும் போட்டார்.

முபாரகா இப்போது தையல் பிடித்திருக்கிறாள். சின்னச் சின்னதாக என்னவோ தைக்கிறாள், நான் பார்த்தால் மடியில் மறைத்துக்கொள்கிறாள். பாட்டும் முணுமுணுக்கிறாள். அதை நான் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று.

உமாராவுக்கு என் வணக்கம். புரை சீக்கிரம் முற்றட்டும் என்று வேண்டுகிறேன். ஒருவர் நோய் முற்ற வேண்டும் என்று வேண்டுவது இதுதான் முதல் தடவை. நுஜூம்.


மஹ்தியா, எலூல் ஐந்தாம் நாள்

நுஜூமுக்கு, உன் நலமே என் நலம் என்று எழுதும் தோவியா. உன் கடிதம் சீக்கிரமே வந்தது. புளிப்பு என்றாலே முகம் சுளிப்பவள் ஒரு ஜாடி எலுமிச்சையா? வயிற்றில் ஏதோ கோளாறு. சீரகக் கஷாயம் வைத்து வெறும் வயிற்றில் குடி. ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

பெரிய செய்தி. உமாராவின் வலது கண் முற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஊசி வைத்தேன். அவர் தம் இறைவனின் பேரைச் சொன்னார், நான் என் இறைவனின் பேரைச் சொன்னேன். எண்ணிப்பார்த்தால் இருவரும் ஒருவனைத்தான் கூப்பிட்டோம். கட்டைப் பிரித்ததும் முதலில் என் முகத்தைப் பார்த்தார். “இவ்வளவு நரைச்சுப்போச்சா ஒமக்கு? நான் நல்ல கறுப்புத் தாடியோடல்ல சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்” என்றார். பிறகு கடைக்குள் போய் ஒவ்வொரு காகிதக் கட்டாக எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவர் அழுதார். நான் அழவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

இடது கண் இன்னும் மோராகவே இருக்கிறது. அது எப்போது முற்றும் என்று தெரியவில்லை. ஹம்மாதுக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறேன், அப்புறம் எழுதுகிறேன்.

முபாரகா பாடுகிறாள் என்பது நல்ல செய்தி. என்ன தைக்கிறாளாம்? தோவியா.


ஃபுஸ்தாத், திஷ்ரி பன்னிரண்டாம் நாள்

தோவியா அவர்களுக்கு. நாங்கள் சுகம், உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

மஹ்தியாக் கப்பல்கள் அலெக்சாந்திரியா வந்து, அதில் வந்தவர்கள் எல்லோரும் பண்டிகைக்கு வீடு வந்துவிட்டார்கள். உங்களுக்குப் பதில் உங்கள் கடிதம் வந்தது, சீரகக் கஷாயத்தோடு.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எந்தக் கப்பலில் வருகிறேன் என்று ஒரு வரி இல்லை. இந்தப் பருவத்தின் கடைசிக் கப்பல் அதுதான் என்று துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் சொல்கிறார்கள்.

உமாராவின் கண்ணுக்கு என் சந்தோஷத்தைச் சொல்லுங்கள். அது பொய்யில்லை.

நுஜூம்.


மஹ்தியா, திஷ்ரி இருபத்தெட்டாம் நாள்

என் நுஜூமுக்கு. நீ சுகமா என்று கேட்கவே இந்தத் தடவை பயமாக இருக்கிறது. நான் சுகம். குற்றவாளி சுகமாக இருப்பதுபோல் சுகம்.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். கப்பல் கிளம்புவது எனக்குத் தெரியும். மூட்டையும் கட்டிவிட்டேன். ஏறுவதற்கு முன்தினம் இடது கண்ணைப் பார்த்தேன், பதினைந்து இருபது நாளில் முற்றிவிடும் போலிருந்தது. வலது கண்ணில் வலி லேசாக ஆரம்பித்திருந்தது. அது கெட்டுப்போனால் மறுபடி இருட்டு. இன்னொரு கப்பல் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரவில்லை.

உமாரா கோபித்துக்கொண்டார். “போய்த்தொலையும்யா. ஒத்தக் கண்ணு போதும் எனக்கு. அதுசரி, மனுஷ இனத்துக்கு எங்கெங்கயோ கோடிக் கண்ணு இருக்கே, ஒம்ம கணக்குப்படி அது போதுமே. இந்தக் கிழவன் ஒருத்தனோட எடது கண்ணுக்கு ஏன் நிக்கறீரு?” என்றார். நான் எழுந்து ஊசியைத் தீட்டப் போய்விட்டேன்.

முந்தாநாள் இடது கண்ணும் முடிந்தது. வலதில் வலி போய்விட்டது. இரண்டாலும் பார்க்கிறார்.

நாளை பர்க்கா வரை கரையோரப் படகு, அங்கிருந்து ஒட்டகக் கூட்டத்தோடு தரைவழி. கணக்குப் போட்டால் நான்கு நாள் மிச்சமிருக்கிறது. சனிக்கிழமை ஓய்வுநாளில் நான் நடக்கக்கூடாது, கூட்டம் எனக்காக நிற்காது, ஒவ்வொரு ஞாயிறும் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். பிடிப்பேன். இதை வேகமாக ஓடும் தபால்காரனிடம் கொடுக்கிறேன், எனக்கு முன்னால் வந்துவிடுவான்.

என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, என் முன்னால் இருந்தபடி மன்னிக்காமல் இரு. தோவியா.


ஃபுஸ்தாத், கிஸ்லேவ் ஆறாம் நாள்

வழியில் எங்கோ இருக்கும் தோவியா அவர்களுக்கு, எந்த ஊருக்கு எழுதுவது என்று தெரியாத நுஜூம். உங்கள் கால் எப்படி இருக்கிறது? எல்லாவற்றுக்கும் முதலில் அதைத்தான் கேட்கவேண்டும். எதிரே போகும் தபால்காரனிடம் இதைக் கொடுத்து, நரைத்த தாடியோடு ஒட்டகத்துக்குப் பின்னால் ஓடிவரும் ஆளிடம் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.

கோபமாகத்தான் இருந்தேன். கோபத்தைத் தக்கவைக்க எவ்வளவோ முயன்றேன். இரண்டு கண்ணாலும் பார்க்கிறார் என்ற வரி வந்ததும் போய்விட்டது. கண்ணை விட்டுவிட்டு ஓடிவந்திருந்தால் நான் கட்டிக்கொண்ட ஆள் அது இல்லை.

பயமாக இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். நீதிபதி எலாசாரிடம் போய், நல்ல மனசோடு ஏதாவது வழி சொல்லுங்கள் என்று கேட்டேன். “சீட்டு ஒங்கையில வந்தப்பறம் அவராலயும் மாத்த முடியாது, என்னாலயும் முடியாதும்மா. கிழிச்சுப் போட்டாலும் சாட்சி இருக்கு” என்றார். “ஆத்துக்கு அந்தப் பக்கம் கரையில வந்து நின்னு, வந்துட்டேன் வந்துட்டேன்னு கத்துனா?” என்று கேட்டேன். “கத்துனா வந்ததாகாது. அப்பிடிக் கத்துனவங்க முன்னயே இருந்திருக்காங்க. பாவம்” என்றார். எத்தனை பேர் கத்தியிருப்பார்கள் என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

தமியானா இப்போது ஏற்றுவது மூன்று விளக்கு. மூன்றாவது யாருக்கு என்று கேட்காதீர்கள். உங்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. முன்பு இரண்டு தடவை சீக்கிரம் சொல்லி, இரண்டு தடவையும் இருவருமாக உட்கார்ந்து அழுதோம். இந்தத் தடவை எழுத்தில் வைக்கமாட்டேன். நீங்கள் முன்னால் வந்து நின்றால் நான் சொல்லவே வேண்டியிருக்காது.

வாருங்கள். நுஜூம்.


கீஸா, கிஸ்லேவ் இருபத்துநான்காம் நாள், வெள்ளிக்கிழமை காலை

நுஜூம், சுகமா? நான் இதோ ஆற்றுக்கு மேற்குக் கரையில் நிற்கிறேன். நம் தெருப் பேரீச்ச மரங்கள் இங்கிருந்து தெரிகின்றன.

கடக்க விடமாட்டேன் என்கிறார்கள். மேற்கில் ஏதோ கலகமாம். மேற்கிலிருந்து வந்தவர் எவரும் முத்திரைச் சீட்டில்லாமல் பாலத்திலும் ஏறக்கூடாது, படகிலும் ஏறக்கூடாது. முத்திரை வைத்திருக்கும் அதிகாரி மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருவாராம். காவலாளிகளிடம் கெஞ்சினேன், விஷயத்தைச் சொன்னேன். ஒருவன் அழுதேவிட்டான், ஆனாலும் விடவில்லை. கடிதம் கொண்டுபோகப் படகுக்காரனுக்குத் தடையில்லையாம்.

உன் கடிதம் முந்தாநாள் வழியில் கிடைத்தது. கடைசிப் பத்தியை நூறு தடவை படித்துவிட்டேன். எலுமிச்சை. நீல அங்கி. நான் எப்பேர்ப்பட்ட வைத்தியன்.

நீதிபதியிடம் கேள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோவியா.


ஃபுஸ்தாத், அதே நாள், நடுப்பகல்

சுகம்தான். நிற்கிற இடத்திலேயே நில்லுங்கள். கத்த வேண்டாம். நான் வருகிறேன். முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள், சாட்சிகள் கூட வருகிறார்கள். நுஜூம்.


ஃபுஸ்தாத், ஷேவாத் இருபதாம் நாள்

மஹ்தியாவில் காகித வணிகர் உமாரா அவர்களுக்கு, அந்த இடது கண்ணால் படிக்க வேண்டும் என்ற வேண்டுகோளோடு தோவியாவின் மனைவி நுஜூம் எழுதுவது. கண்ணில் நீர் வடிகிறதா, வலி ஏதும் உண்டா என்று வைத்தியர் பக்கத்தில் இருந்து கேட்கச் சொல்கிறார். நீங்கள் அனுப்பிய காகிதம்தான் இது. மை நன்றாக ஊறுகிறது. யார் ஊறவைக்கிறார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

நடந்ததை அவரே எழுதுகிறேன் என்றார். அவர் எழுதினால் இனம், தனி, தற்செயல் என்று போய்விடும். நான் எழுதுகிறேன்.

கீஸாவிலிருந்து கடிதம் வந்ததும் நீதிபதி வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, ஓய்வுநாளுக்கு முன் ஆண்களெல்லாம் குளியல் கூடத்தில். அங்கே போய் வாசலில் நின்று, கூடத்து வேலையாளைக் கேள்வியோடு உள்ளே அனுப்பினேன். “ஆத்தைத் தாண்டி நானே அவர் இருக்கற எடத்துக்குப் போனா?” இதுதான் கேள்வி. உள்ளேயிருந்து நீதிபதியின் குரல் நீராவியோடு வந்தது. “சீட்டுல ஊர்ப் பேர் இருக்கா?”

ஷெமர்யாவும் உள்ளேதான் இருந்தார். “இல்ல. ஊர்ப் பேர எழுத விடலை அந்த மனுஷன். அவ முன்னாடி வந்து நிக்கணும்னுதான் எழுதச் சொன்னாரு” என்றார்.

உள்ளே ஒரு செம்புத் தண்ணீர் கொட்டியது. அப்புறம் நீதிபதி, “அப்ப அவ எங்க இருக்காளோ அங்க வந்து நின்னா போதும். ஆனா வர்றது அவர் காலா இருக்கணும். ரெண்டு சாட்சி வேணும். சூரியன் விழறதுக்குள்ள. என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க, தொடைச்சுக்கிட்டுப் போங்கய்யா” என்றார். ஷெமர்யாவும், கை முழுக்க நீலச் சாயத்தோடு ஒரு சாயக்காரரும் ஈரத்தலையோடு ஓடிவந்தார்கள்.

மீனவர் ஹம்மாதின் படகு. தமியானா ரொட்டியும் எண்ணெயும் ஒரு கூடையில் திணித்தாள். முபாரகா விளக்கைத் தூக்கிக்கொண்டாள். அவள் புருஷன் போனதிலிருந்து தண்ணீர்ப் பக்கமே வராதவள் அவள். அன்று எனக்கு முன்னால் படகில் ஏறி எனக்குக் கை கொடுத்தாள். அப்போது நான் எட்டு மாதம். என் பாரத்தில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சாயக்காரர் எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

கரையை நெருங்கியபோது அவரைக் கண்டேன். மெலிந்து கறுத்து, ஒரு காலில் செருப்பில்லாமல் நின்றார். என்னைப் பார்த்ததும் ஓடிவரப் போனார். ஷெமர்யா எழுந்து நின்று, “அங்கயே நில்லும். நாங்க ஒழுங்காப் பாக்கணும்” என்றார். நான் இறங்கக் காலெடுத்தேன். “நீங்க எறங்காதீங்கம்மா. அவர்தான் வரணும்” என்றார். காவலாளி குறுக்கே வந்தான். தண்ணீரில் இறங்கலாமா என்று அவனிடம் கேட்டேன். “படகுல ஏறக்கூடாது. பாலத்துல ஏறக்கூடாது. தண்ணியில நிக்கக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு இல்ல” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். காலையில் அழுதவன் இவன்தான் போலும்.

பதினோரு அடி. நான் எண்ணினேன். முதல் ஆறு மணலில், மற்றவை சேற்றில், முழங்கால் தண்ணீரில். சூரியன் பிரமிடுகளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார். ஷெமர்யா சாயக்காரரைப் பார்த்து, “வந்தாரா?” என்றார். “வந்தாரு.” “நின்னாரா?” “நிக்கறாரு.” ஷெமர்யா அந்தச் சீட்டை என் மடியிலிருந்து எடுத்து, இனிச் செல்லாது என்று கத்தியால் குறுக்கே கீறித் திரும்பக் கொடுத்தார்.

அவர் அதை எதுவும் கவனிக்கவில்லை. என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன மாசம்?” என்றார் கடைசியில்.

“நீங்க போயி எத்தன மாசம்?”

விரல்விட்டு எண்ணினார். “எட்டு.”

“அப்ப சரியாத்தான் எண்ணறீங்க.”

“சீரகக் கஷாயம்னு எழுதினேனே” என்று சொல்லி, அந்தத் தண்ணீரிலேயே நின்றபடி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அழுகையானது, மறுபடி சிரிப்பானது. முபாரகாவும் சிரித்தாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய சிரிப்பு, அப்படியே இருந்தது. அந்த ஆட்டத்தில் ஹம்மாதின் கூடையிலிருந்து ஒரு மீன் துள்ளி ஆற்றில் விழுந்து போயே போய்விட்டது. ஹம்மாது என் கணவரைப் பார்த்து, “இது எந்தக் கணக்குல தப்பிச்சுது, சொல்லுங்க” என்றார். உங்களுக்கு அடுத்தபடியாக அவர் வாயை அடைத்தவர் ஹம்மாது.

அவருக்கு முத்திரை இல்லை, சூரியன் விழுந்து ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் நாங்களும் திரும்பப் படகேற முடியாது. கீஸாவில் சுங்கக் கொட்டகையில் தங்கினோம். பண்டிகையின் முதல் விளக்கை ஏற்றி, பிறகு ஓய்வுநாள் விளக்கையும் ஏற்றினோம். தமியானாவின் ரொட்டி, ஹம்மாது விட்டுப்போன மீன், ஈரத்தலையோடு இரண்டு சாட்சிகள், வாசலில் அந்தக் காவலாளி. என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு சிரித்ததில்லை. ஞாயிறன்று அதிகாரி கல்யாணப் பலகாரத்தோடு வந்து, எங்களுக்கும் கொடுத்துவிட்டு, முத்திரை வைத்தார்.

சென்ற மாதம் பெண் குழந்தை பிறந்தது. சுரூர் என்று பெயர். முபாரகா தைத்து வைத்த சட்டையெல்லாம் அளவு சரியாக இருக்கிறது.

உங்கள் நண்பர் கொள்கையை மாற்றிக்கொண்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. இனத்துக்குத்தான் பராமரிப்பு, தனித்தனி உயிருக்கு அவ்வளவு இல்லை என்று இன்று காலையும் தமியானாவிடம் வாதாடினார். ஆனால் விடிந்ததும் தொட்டில் பக்கம் போய்க் குனிந்து, மூச்சு வருகிறதா என்று காதை வைத்துக் கேட்கிறார். ஒருநாளும் தவறியதில்லை. அங்கே கிடப்பது மனித இனம் இல்லை, சுரூர்தான் என்று நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் எழுதும்போது சொல்லுங்கள்.

உங்கள் இரண்டு கண்களுக்கும் எங்கள் வீட்டு நான்கு பேரின் வணக்கம். நுஜூம்.